லூபஸ் என்று சீட்டில் எழுதிவிட்டார்களா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு முதல் வருஷ வழித்துணை

சீட்டில் 'எஸ்.எல்.இ.' என்று மூன்றெழுத்து எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். வீட்டுக்கு வந்து "லூபஸாம்" என்று சொன்னால், பாட்டி கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கேட்பார்: "கல்யாணமே ஆவல, உனக்கு யாருடி லூப் வெச்சது?" அந்தத் தலைமுறைக்கு லூப் என்றால் குடும்பக் கட்டுப்பாடுதான்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குவதுதான் லூபஸ். தொற்றாது, புற்றுநோய் கிடையாது. முழுசாகப் போகாது என்றாலும் மருந்தில் அடங்கியிருக்கும். வருபவர்களில் 10ல் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். மாத்திரை விழுங்குவது இதில் சுலபமான பகுதி. காகிதத்தைச் சேர்ப்பது, ஊருக்குப் பதில் சொல்வது, பஸ் ஏறுவது, இவைதான் ஆளைக் கரைக்கும். அதனால் அவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

1. நோயை உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரு தனிக் குழப்பம் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், மூட்டு வலி என்று யார் போனாலும் "தண்ணியால வர்றது" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது சிக்குன்குனியா. கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்தால் 'மங்கு' என்று ஜாதிக்காய் உரைத்துப் பூசச் சொல்வார்கள். மூட்டு வலியோடு வாய்ப்புண், கொத்தாக முடி கொட்டுதல், வெயில் பட்டால் சிவத்தல், காரணம் தெரியாத காய்ச்சல் என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஃபுளோரைடோடு நிறுத்தாதீர்கள்.

முதல் சோதனை ஏ.என்.ஏ., அதாவது தன் உடம்பையே தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இது 1:80 அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ் என்றால்தான் லூபஸா என்று மேலே பார்க்கவே தொடங்குவார்கள். ஆனால் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வந்தவர்களுக்கெல்லாம் லூபஸ் கிடையாது. நல்ல உடம்புக்காரர்களுக்கும் வரும். ரிப்போர்ட்டை வைத்து ராத்திரி முழுக்க கூகுளில் தேடி அழாதீர்கள். அடுத்து டி.எஸ். டி.என்.ஏ. (லூபஸில் வரும் இன்னொரு ஆன்டிபாடி), சி3, சி4 (நோய் ஏறினால் குறையும் ரத்தப் புரதங்கள்), ரத்த அணுக்கள், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சிறுநீர்ப் புரதம் எல்லாம் பார்த்த பிறகுதான் முடிவு.

ஒரு பொறி: ஏ.என்.ஏ.வை ஒருமுறை பார்த்தால் போதும். நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அது காட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையும் 'பேக்கேஜில்' சேர்த்துப் பில் போடும் லேபில், "ஏ.என்.ஏ. வேண்டாம், சீட்டில் உள்ளது மட்டும் போதும்" என்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.

2. எந்த டாக்டர், எந்த ஊர்

மூட்டு வலி என்றால் நேராக எலும்பு டாக்டரிடம் போவது நம் பழக்கம். லூபஸுக்கு ருமட்டாலஜி டாக்டர் வேண்டும். வாத நோய்ச் சிறப்பு மருத்துவர் என்று பலகையில் போட்டிருப்பார்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் கூடவே நெஃப்ராலஜி.

தொடங்கும் இடம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இருக்கட்டும். பொது மருத்துவப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போட்டு, அங்கிருந்தே மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரியிலிருந்து சுமார் 65 கி.மீ. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியாரில் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறை உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ., பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. தருமபுரிப் பக்கத்தவர்கள் மொரப்பூரிலோ பொம்மிடியிலோ ஏறிக் காட்பாடியில் இறங்கலாம்.

சி.எம்.சி.க்கு முன்பதிவு செய்யும்போது எந்த வளாகம் என்று சீட்டில் பாருங்கள். ராணிப்பேட்டையில் இன்னொரு வளாகம் இருக்கிறது. தப்பான வாசலில் இறங்கினால் அன்றைய டோக்கன் போச்சு. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான், ஆனால் அங்கே போகும் முன் 6வது தலைப்பைப் படித்துவிடுங்கள்.

முதல் முறை ஒரே நாளில் முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். பார்ப்பது ஒரு நாள், ரத்தம் கொடுப்பதும் அன்றே, ரிசல்ட்டோடு மறுபடி பார்ப்பது இரண்டு மூன்று நாள் கழித்து. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் டாக்டர் ஃபீஸைத் தாண்டிவிடும்.

3. ஒரு ஃபைல், ஒரே ஃபைல்

மஞ்சப்பையில் ரிப்போர்ட்டைத் திணித்து மேசைமேல் கொட்டினால், டாக்டர் உங்களுக்காக வைத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் தேடலில் போய்விடும். பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் ஒன்று வாங்குங்கள்.

முதல் பக்கம் கையால் எழுதியது: பெயர், வயது, எடை, நோய் உறுதியான மாதம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் மி.கி. அளவோடு, ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்கு ஒரு ஃபோன் நம்பர். இரண்டாம் பக்கம் ஒரு கட்டம்: தேதி, ஹீமோகுளோபின், வெள்ளணு, பிளேட்லெட், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரத விகிதம், சி3, சி4. ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேருங்கள். ஒரு வருஷத்தில் அந்தக் கட்டம் ரிப்போர்ட் கட்டைவிட அதிகம் பேசும்.

லேப் பில்லும் சில ரிப்போர்ட்டும் பஸ் டிக்கெட் மாதிரியான வழுவழுப்புத் தாளில் வரும். ஆறு மாதத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்திருந்தால் ரிப்போர்ட்டோடு, அந்தத் துணுக்கு இருக்கும் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கலாம். ஆஸ்பத்திரி மாறும்போது மறுபடி ஊசி குத்துவது மிச்சம்.

தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம் வரும் அன்றே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். லூபஸுக்குக் கூச்ச சுபாவம். வீட்டில் ஆடும் ஆட்டத்தை அப்பாயின்ட்மென்ட் நாளில் காட்டாது, முகம் கல்யாணப் பெண் மாதிரி பளிச்சென்று இருக்கும்.

4. சோதனை எப்போது, எவ்வளவு

நோய் அடங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை: ரத்த அணுக்கள், கிரியாட்டினின், சிறுநீர், சிறுநீர்ப் புரத–கிரியாட்டினின் விகிதம், டி.எஸ். டி.என்.ஏ., சி3, சி4. அசத்தியோபிரின், மைக்கோஃபெனோலேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து புதிதாகத் தொடங்கினால் முதல் சில மாதங்கள் ரத்த அணுக்களை இன்னும் அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள். இதற்கெல்லாம் வெறும் வயிறு தேவையில்லை. சிறுநீர் மட்டும் காலையில் முதல் முறை போவதைப் பிடியுங்கள். மாதவிலக்கு நாட்களில் கொடுத்தால் ரத்தமும் புரதமும் தப்பாகக் காட்டும், ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவானதும் முக்கியமானதும் சிறுநீர்தான். சிறுநீரகம் வலிக்காமல் கெடும். புரத விகிதம் 0.5ஐத் தாண்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ரத்த அணுக்கள், கிரியாட்டினின், சிறுநீர் மூன்றையும் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் பார்த்துக்கொண்டு, அங்கே இல்லாததை மட்டும் வெளியில் கொடுத்தால் பில் பாதியாகும்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021ல் தொடங்கியதே நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் அக்காவிடம் "ஸ்டீராய்டு சாப்பிடுறேன், எனக்கும் பாருங்க" என்று கேளுங்கள்.

5. மாத்திரையில் நடக்கும் தப்புகள்

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் இந்த நோய்க்கு அஸ்திவாரம். எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ என்றால் 300 மி.கி. அதனால்தான் பலருக்கு 200 மி.கி. மாத்திரை ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எழுதுகிறார்கள். 'நேற்று ஒன்றா இரண்டா' என்று குழம்பாமல் இருக்க, சமையலறைத் தினசரி காலண்டரில் மாசம் முழுக்க 1, 2, 1, 2 என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மருந்துக் கடையில் 200க்குப் பதில் 400 கொடுத்துவிடும் தப்பு நடக்கிறது, அட்டையைத் திருப்பி எண்ணைப் படியுங்கள். சாப்பாட்டோடு விழுங்குங்கள். ஜெலுசில் மாதிரி மருந்து குடித்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். 'ஒரு மாசமாச்சு, ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

இந்த மாத்திரை நீண்டகாலத்தில் சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கும். முதல் வருஷத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்குப் பின் வருஷா வருஷம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அதற்கு முன்பே. கண்ணாடி நம்பர் பார்ப்பது போதாது, "விழித்திரை ஸ்கேனும் பார்வைப் பரப்புச் சோதனையும்" என்று சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசலோன் காலையில், டிபனுக்குப் பிறகு. ராத்திரி போட்டால் கூரையை எண்ணிக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள் இதைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. தீபாவளி, பொங்கல் லீவுக்கு முன் பத்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: வலி போய்விட்டதே என்று பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் அதே அளவை வாங்கித் தின்பது. முகம் உருண்டு, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும்.

எலும்புக்கு நம் கேழ்வரகுக் களியைவிட நல்ல துணை கிடையாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம். கூடத் தொட்டுக்கொள்ளும் கருவாடும் ஊறுகாயும்தான் வில்லன், உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டில் இருக்கும்போது மாம்பழ சீசன் வந்தால், கிருஷ்ணகிரியில் பிறந்ததற்கான தண்டனை அதுதான்: ஒரு துண்டு.

தவிர்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, மூட்டு வலிக்குத் தெருமுனை கிளினிக்கில் போடும் 'ஒரே ஊசி'. பெரும்பாலும் அது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தாகவோ ஸ்டீராய்டாகவோ இருக்கும், முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு, சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக். லூபஸ்காரர்களுக்கு இது ஒவ்வாமையைக் கிளப்பும், நோயையும் கிளறும். மூன்று, எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றும்' கஷாயம், லேகியம். நமக்கு இருக்கும் பிரச்சினையே அந்தச் சக்தி அதிகப்பிரசங்கியாக இருப்பதுதான். சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

விலை: ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் பிரட்னிசலோனும் மலிவு. மைக்கோஃபெனோலேட்தான் பட்ஜெட்டைக் கடிக்கும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கம்பெனிப் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் வரும்.

6. காப்பீடு, இ.எஸ்.ஐ., சான்றிதழ்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வரிசை இப்படி: இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கையெழுத்தெல்லாம் தாண்டிச் சான்று வர வாரக்கணக்கில் ஆகலாம். வந்ததும் அதையும் ரேஷன் அட்டை, ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். ரேஷன் அட்டையில் பெயர் உள்ள எல்லோரையும் அழைத்துப் போங்கள், ஒருவர் குறைந்தால் மறுநாள் வரச் சொல்வார்கள். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெயர் எழுத்து வேறுபட்டால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அட்மிட் ஆன பிறகு அலைவதற்கு ஆள் கிடைக்காது.

இந்த அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேரும்போதுதான் உதவும். மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. வெளி மாநில ஆஸ்பத்திரி என்றால் பட்டியலில் இருக்கிறதா என்று 1800 425 3993ல் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். வெளிநோயாளி மருந்தும் இதில் கிடைக்கும் என்பதால் லூபஸுக்கு இதுதான் பெரிய வரம். நோய் விடுப்பில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு, அதற்கு முந்தைய கணக்குக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். உடம்பு முடியவில்லை என்று அவசரத்தில் வேலையை விடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் வந்தால் திருப்பி அனுப்புங்கள். 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் லூபஸ் பெயர் கிடையாது. லூபஸால் பார்வையோ நடையோ நிரந்தரமாகப் பாதித்திருந்தால் அந்தக் குறைக்குத்தான் அட்டை.

7. வெயிலும் வேலையும்

காலை 10 முதல் மாலை 4 வரை வெயில் எதிரி. பூந்தோட்டமோ, நூறு நாள் வேலையோ, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, குடை. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பொட்டு அளவு பூசினால் காசுக்குத்தான் கேடு. கண்ணாடி ஜன்னல் வழியாகவும் தோலைப் பாதிக்கும் கதிர் வரும்.

அசதியைப் புரியவைக்க நம் ஊரில் தண்ணீர்க் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. காலையில் எட்டுக் குடம் சக்தி கொடுத்திருக்கிறார்கள். குளியலுக்கு ஒன்று, துணி துவைக்க மூன்று, சந்தைக்கு இரண்டு. மீதியில் சமையலா, மாமியாரா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நோய் ஏறிய நாளில் நீட்டி விளக்க வேண்டாம். "இன்னிக்குத் தண்ணி வராத நாள்" என்று ஒரு வரி போதும், குழாயடியில் நின்ற குடும்பத்துக்குப் புரியும்.

8. ஊர் வாய்க்குப் பதில்

ஒரே கேள்வியை முப்பது பேர் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக அழ முடியாது, பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, மூஞ்சில மங்கு விழுந்திருக்கே?"
"வண்ணத்துப்பூச்சிங்க அத்த. வாடகை குடுக்காம உக்காந்திருக்கு."

"பாத்தா நல்லாத்தான இருக்க?"
"கரண்டு கம்பியும் பாத்தா சும்மாதான் சித்தி இருக்கும்."

"ஒட்டிக்குமா?"
"ஒட்டறதா இருந்தா இந்நேரம் உங்களுக்கெல்லாம் பங்கு பிரிச்சுட்டு நான் நிம்மதியா இருப்பனே."

"எத்தன நாளைக்கு மாத்திர?"
"ரேஷன் கார்டு மாதிரிங்க பெரியம்மா. ஆயுசுக்கும்."

கேலியின் அளவு இதுதான்: நோயைக் கிண்டல் செய்யலாம், கேட்பவரைச் செய்யக்கூடாது. நாளை அட்மிட் ஆனால் சோறு கட்டிக்கொண்டு வருபவர் அதே அத்தைதான். சிரிக்கத் தோன்றாத நாட்கள் தொடர்ந்து இரண்டு வாரம் நீண்டால், அதை நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் மனசைக் கலைக்கும். டெலி மானஸ் எண் 14416, தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

9. டாக்டரிடம் மட்டும் ஜோக் வேண்டாம்

"எப்படி இருக்கீங்க?" என்றதும் வாய் தானாக "பரவால்ல சார்" என்று சொல்லிவிடும். இந்த நோயில் அதைவிட விலை உயர்ந்த வார்த்தை இல்லை. டாக்டர் 'நோய் அடங்கியுள்ளது' என்று எழுதி மருந்தைக் குறைத்துவிடுவார். அதற்குப் பதில் எண்ணாகச் சொல்லுங்கள்: காலையில் விரல் மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை மூட்டு வீங்கியது, வாய்ப்புண் எத்தனை நாள், எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போனது. கடைசியை மறைக்காதீர்கள், 'மருந்து கேட்கவில்லை' என்று நினைத்து வீரியம் கூடிய மருந்துக்குப் போய்விடுவார்.

காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் அன்றே பாருங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும்போது டோலோவில் காலம் கடத்தக்கூடாது. நுரைத்த சிறுநீர், காலையில் முகம் கால் வீக்கம் என்றாலும் அன்றே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, பேச்சுக் குழறல் என்றால் 108.

10. கல்யாணம், குழந்தை

லூபஸ் இருந்தாலும் குழந்தை பெறலாம். தேதியை மட்டும் ஜோசியரோடு டாக்டரிடமும் கேளுங்கள். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும், கருத்தரிக்க ஆறு வாரத்துக்கு முன்பே டாக்டர் அதை மாற்றிவிடுவார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பம் முழுக்கத் தொடர வேண்டும். 'புள்ளைக்கு ஆகாது' என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைய வைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அது இருந்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர்-டி பெரும்பாலும் சரிப்படும். பாட்டி கேட்ட லூப், கடைசியில் லூபஸுக்கு ஒத்துப்போகிற சங்கதிதான்.

11. புறப்படும் முந்தின ராத்திரி

ஃபைல், காப்பீட்டு அட்டை, ஆதார், மூன்று நாள் மாத்திரை, பிஸ்கட், தண்ணீர், குடை, சில்லறை. சந்தேகங்களைத் தாளில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ரத்தம் எடுக்க வசதியாக, கை மேலே ஏறும் ரவிக்கையோ சட்டையோ போடுங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், சேலம் வண்டிக்குக் காசு வேண்டும். தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் காலையில் போனால் வெயில் இடது பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம்தான். இரண்டு நடையும் டிரைவர் பக்க சீட்டில் உட்காருங்கள்.